பேஸி குறைவாக வாசித்தது எப்போதிலிருந்து?

கேள்வி: நான்கு வருடமாகப் பியானோ கற்கிறேன். தனியாக ஸ்ட்ரைட் (இடது கை கீழ் ஸ்வரத்துக்கும் கார்டுக்கும் மாறி மாறித் தாவும் ஜாஸ் பியானோ பாணி) வாசித்தால் நன்றாக இருக்கிறது; பேஸ், டிரம்ஸ் சேர்ந்ததும் ஒரே இரைச்சலாகிவிடுகிறது. ஜாஸ் பியானோ கலைஞர் கவுன்ட் பேஸியைப் போல நாலைந்து ஸ்வரத்தோடு நிறுத்திக்கொள்ளப் பழகிவிடட்டுமா? ஸ்ட்ரைட்டை விட்டுவிடலாமா?

பதில்: ஸ்ட்ரைட்டை விடாதீர்கள். பேஸி அதில் ஊறியவர். நியூஜெர்சியின் ரெட் பேங்கில் 1904இல் பிறந்து, இருபது வயதை ஒட்டி நியூயார்க்கின் ஹார்லெமுக்குப் போனவர். அங்கே லிங்கன் தியேட்டரில் ஸ்ட்ரைட் கலைஞர் ஃபேட்ஸ் வாலர் ஆர்கன் வாசிக்கையில் தரையில் உட்கார்ந்து, பெடல்மேல் அவர் கால் போகும் போக்கைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1927இல் உடன் வந்த வோடவில் (பல்சுவை மேடை நிகழ்ச்சி) குழு கன்சாஸ் சிட்டியில் கலைந்துவிட, அங்கேயே மௌனப் படங்களுக்கு ஆர்கன் வாசித்துப் பிழைத்தார். 1932இல் அந்த ஊரின் பென்னி மோட்டன் ஜாஸ் குழுவோடு பதிவான ‘பிரின்ஸ் ஆஃப் வெய்ல்ஸ்’ கேளுங்கள்: இரண்டு கையும் பறக்கும்.

1935இல் மோட்டன் இறந்தபின் கன்சாஸ் சிட்டியின் ரீனோ கிளப்பில் பேஸி தன் குழுவைக் கட்டினார். அங்கே வால்டர் பேஜின் பேஸ் ஒவ்வொரு பாரின் (நான்கு தட்டு கொண்ட ஓர் அளவு) நான்கு தட்டிலும் நடந்தது. டிரம்ஸ்காரர் ஜோ ஜோன்ஸ் தாளத்தை ஹை-ஹாட்டுக்கு (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்) ஏற்றினார். 1937இல் ஃப்ரெடி கிரீனின் கிட்டாரும் வந்து சேர்ந்தது. இடது கையின் சுமையை மூன்று பேர் வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் பேஸியால் கையைத் தூக்கிவைக்க முடிந்தது.

உங்கள் இரைச்சலுக்குக் காரணம், 1, 3ஆம் தட்டுகளில் நீங்கள் அடிக்கும் கீழ் ஸ்வரம் பேஸ்காரருடையதோடு முட்டுவது. அதை அவருக்கே விட்டுவிடுங்கள். இடது கையில் கார்டின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரம் மட்டும் போதும், நடு சி-யை ஒட்டி. எஃப் புளூஸ் என்றால் எஃப்7க்கு ஈ ஃப்ளாட், ஏ. பி ஃப்ளாட்7க்கு டி, ஏ ஃப்ளாட். சி7க்கு ஈ, பி ஃப்ளாட். எஃப்7இலிருந்து மற்ற இரண்டுக்கும் விரல் அரை ஸ்வரம்தான் நகரும். வலது கையில் இரண்டு பார் வாசித்தால் இரண்டு பார் சும்மா இருங்கள்.

சும்மா இருக்கும் அந்த இரண்டு பாரில்தான் பலருக்கும் வேகம் ஏறிவிடும். கை ஓய்ந்ததும் மனசு அடுத்த வரிக்கு முந்துகிறது. மெட்ரோனோமை 60இல் வைத்து, அந்தத் தட்டை 2, 4 என்று எண்ணி, நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் புளூஸின் பன்னிரண்டு பாரையும் வாசியுங்கள். மீண்டும் நுழையும்போது தட்டு 2, 4இல் விழாமல் தள்ளிப்போனால், இடைவெளியை ஒரு பாராகக் குறைத்து, அது சீரானபின் கூட்டுங்கள்.

பேஸ்காரர் வராத நாளில் பழைய ஸ்ட்ரைட்டையே எடுங்கள். அன்றைக்கு அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை.