பல் மருத்துவர் மீதுள்ள பயத்தால் பற்கள் உண்மையிலேயே கெடுமா?

கெடும். என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று அப்படித்தான் கெட்டது.

ஒன்பது வயதில், ஊசி போட்ட இடம் மரத்துப்போவதற்கு முன்பே எனக்கு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். இருவர் என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார்கள். அதன் பிறகு பதினேழு ஆண்டுகள் நான் எந்தப் பல் மருத்துவரிடமும் போகவில்லை. கடைவாயில் சிறு கரும்புள்ளி தெரிந்தபோது வலியே இல்லை. பல்லின் மேற்பூச்சான எனாமலில் நரம்பு கிடையாது என்பதால், மிக எளிதாகச் சரிசெய்யக்கூடிய கட்டத்தில் சொத்தை எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. பிறகு குளிர்ந்த நீர் பட்டால் கூசியது. கிராம்பு எண்ணெய் வைத்துச் சமாளித்தேன். ஒரு வாரம் உறங்கவிடாமல் வலித்துவிட்டுத் தானாகவே நின்றபோது, குணமாகிவிட்டது என்று நம்பினேன். பல்லின் உள்ளிருந்த மென்திசுவான கூழும் நரம்பும் செத்துப்போனதால்தான் வலி நின்றது என்பதும், கிருமிகள் வேரின் நுனியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன என்பதும், எட்டு மாதங்கள் கழித்துத் தாடை வீங்கிய பிறகே எனக்குத் தெரிந்தன.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு கொடுமை இருக்கிறது. சீழ் பிடித்து அழற்சி கண்ட திசுவில் அமிலத்தன்மை கூடிவிடுவதால், மரத்துப்போகச் செய்யும் மருந்து நரம்புக்குள் எளிதில் நுழைவதில்லை. ஆகவே வலிக்குப் பயந்து தள்ளிப்போட்டவருக்கே ஊசி சரியாகப் பிடிக்காமல் போகிறது. அவர் பயந்தபடியே வலிக்கிறது. அடுத்த முறை இன்னும் தாமதமாக வருகிறார். இந்தச் சுழலைச் சுவீடனைச் சேர்ந்த பெர்க்ரென், மெய்னெர்ட் என்னும் ஆய்வாளர்கள் 1984-இல் விவரித்தார்கள். பற்களின் நிலையை எண்ணி ஏற்படும் வெட்கமும் அதில் சேர்ந்துகொள்கிறது. என்னைப் பொறுத்தவரை, வலியைவிட அந்த வெட்கமே வாசற்படியில் அதிகமாக நிறுத்தியது.

இது அரிதான பயமும் அன்று. ஐந்து கேள்விகளுக்கு 5 முதல் 25 வரை மதிப்பெண் தரும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் 19-ம் அதற்கு மேலும் பெறுவது கடுமையான பயம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் 2009-இல் நடந்த பல் நலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 12 சதவீதத்தினர் அந்த எல்லையைத் தொட்டிருந்தார்கள். நம் ஊரில், மேற்பல்லைப் பிடுங்கினால் பார்வை போகும், பல்லில் படிந்து இறுகிய காரையை எடுத்தால் பல் ஆடும் என்கிற பேச்சுகள் இதற்கு மேலும் எண்ணெய் ஊற்றுகின்றன. பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் தொடர்பே இல்லை. காரையோ ஈற்றுக்கடியில் எலும்பையே கரையச் செய்யும் ஈறு நோய்க்குத் துணைபோகிறது.

நீங்கள் பயப்படுகிறவர் என்றால், வலி இல்லாத ஒரு நாளில், பார்த்துச் சொன்னால் போதும் என்று மட்டும் கேட்டுப் போங்கள். பயம் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஊசிக்கு முன் ஈற்றில் தடவும் மரப்பு மருந்து உண்டா என்று கேளுங்கள். எனக்கு வேர் சிகிச்சை செய்த மருத்துவர், இடக்கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிடுவதாகச் சொன்னார். முதல் நாளில் மூன்று முறை உயர்த்தினேன்; மூன்று முறையும் நிறுத்தினார். அடுத்த நாளில் கை மடியிலேயே இருந்தது.