வீட்டுத் தொட்டியில் வளர்த்த பவளம்: வனத்துறை வந்தால் என்ன ஆகும்?

கேள்வி: சென்னையில் வசிக்கிறேன். நான்கு வருடமாக வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். க்ளவுன் மீன்களோடு ஆக்ரோபோரா, ஹேமர், மஷ்ரூம் பவளங்களும் உண்டு. எல்லாமே கொளத்தூரில் ஒரு கடையில் சின்னத் துண்டாக வாங்கி நானே வளர்த்தவை. வெட்டி இரண்டு மூன்று பேருக்கு விற்றும் இருக்கிறேன். போன வாரம் அந்தக் கடையில் வனத்துறை சோதனை நடந்தது. நான் பணம் கொடுத்ததெல்லாம் ஜிபேயில்தான். வெளிநாட்டுப் பவளம் என்பதால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: சரியில்லை. அந்தப் பதிவு உங்களுக்கு உதவாது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் பார்வையில் பவளம் ஒரு விலங்கு. பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப், கடல் விசிறி ஆகியவை 2001 முதலே முதல் அட்டவணையில் உள்ளன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணைதான். கல் பவளத்தில் இனம் இனமாகப் பெயர் சொல்லாமல் 'அனைத்தும்' என்று எழுதியிருப்பதால், மன்னார் வளைகுடாவில் எடுத்ததா, இந்தோனேசியாவிலிருந்து வந்ததா என்று அட்டவணை பிரிக்கவில்லை. வெளிநாட்டு இனத்துக்கு இது பொருந்தாது என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால் குறைந்தபட்சமே மூன்று வருடச் சிறை உள்ள வழக்கில் அதை மட்டும் நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன்.

நண்பர் சொல்வது 2024-இல் வந்த பதிவு விதிகளை. அவை சைட்டீஸ் (அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கானவை. ஒரே இனம் முதல் அட்டவணையிலும் இருந்தால், அந்த அட்டவணைக்கான கடுமையான விதிகளே செல்லும். கல் பவளம் இரண்டிலும் இருக்கிறது.

"நானே வளர்த்தேன்" என்பதும் கைகொடுக்காது. பிடித்ததோ, வைத்திருப்பதோ, வளர்ப்பில் பெருக்கியதோ, எல்லாமே சட்டத்தில் 'சிறைப்பட்ட விலங்கு'தான். உங்களிடம் இருப்பது நிரூபணமானால், அது சட்டவிரோதம் என்றே 57-ஆம் பிரிவு அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. பில்கூட இல்லாத வியாபாரத்தில் எதைக் காட்டுவீர்கள்? தண்டனை மூன்று முதல் ஏழு வருடம், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பணம் கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ளும் வழியும் இதற்குக் கிடையாது. வைத்திருந்ததைவிட விற்றதுதான் எனக்குப் பெரிய கவலை. பொழுதுபோக்கு என்று சொல்லும் வாய்ப்பை அது குறைத்துவிடுகிறது.

இப்போது தொட்டியைப் பாருங்கள். ஹேமரின் சதைப்பற்றான கொம்புகள் விளக்கணைத்ததும் சுருங்கும். அப்போது அடியில் வெள்ளையாகக் கல் எலும்பு தெரியும். ஆக்ரோபோரா முழுக்கவே அப்படி. இரண்டும் சட்டத்துக்குள் வரும். மஷ்ரூமில் அந்த எலும்பு இல்லை, அது இந்த அட்டவணையிலும் இல்லை. க்ளவுன் மீனும் இல்லை. கடல்குதிரை வைத்திருந்தால் அதுவும் சிக்கல்தான், கேள்வியில் சொல்லாததால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். தொட்டிக்குள் அடுக்கியிருக்கும் லைவ் ராக் (பாறைத் துண்டுகள்) கடலிலிருந்து எடுத்ததென்றால் அது பெரும்பாலும் செத்த பவளக்கூடு. அதையும் கணக்கில் சேருங்கள்.

ராத்திரியோடு ராத்திரியாகக் கடலில் போட்டுவிடலாம், கழிவறையில் கொட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பையும் அழிக்காதீர்கள். சாட்சியத்தை மறைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 238-ஆம் பிரிவில் இன்னொரு குற்றம் சேரும், ஜிபே பதிவு எப்படியும் வங்கியில் இருக்கும். வாங்கியவர்களிடம் போய்த் "திருப்பிக் கொடு" என்று கேட்பதும் வேண்டாம்.

கல் பவளங்களைப் படம் எடுத்து, எண்ணிக்கையோடு பட்டியல் போட்டு, ஒப்படைக்கத் தயார் என்று வழக்கறிஞர் மூலம் வனவிலங்குக் காப்பாளருக்குக் கடிதம் கொடுங்கள். பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு போனால் வழியிலேயே செத்துவிடும். அதனால் மகஜர் (கைப்பற்றியதற்கான எழுத்துப் பதிவு) போட்டுவிட்டு, மாற்றும்வரை தொட்டியிலேயே விட்டுவைக்கச் சொல்லிக் கேட்கலாம். கொடுத்துவிட்டதாலேயே குற்றம் இல்லாமல் போய்விடாது. ஆனால் ஜாமீன் கேட்கும்போதும் தண்டனையைப் பேசும்போதும் இந்தக் கடிதம்தான் உங்கள் பக்கம் பேசும். கடிதம் போவதற்கு முன்பே முன்ஜாமீன் மனுவையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில்தான் படித்தவர்களும் தவறுகிறார்கள். "சும்மா வந்து ஒரு விளக்கம் கொடுத்துட்டுப் போங்க சார்" என்று வனத்துறையிலிருந்து போன் வந்தால் தனியாகக் கிளம்பிவிடாதீர்கள். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாக நீதிமன்றத்தில் செல்லாது, வனத்துறையிடம் கொடுப்பதை அப்படி நினைக்கக் கூடாது. உதவி வனப்பாதுகாவலர் அல்லது அவருக்கு மேற்பட்ட அதிகாரி உங்கள் முன்னிலையில் பதிவு செய்யும் வாக்குமூலத்தை வனவிலங்குச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம். முறையான அழைப்பாணை கேளுங்கள், வழக்கறிஞரோடு போங்கள், எழுதியதை முழுக்க வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.