“சரி” என்று மட்டும் சொன்னாள்

அன்புள்ள சகோதரிக்கு,

எனக்கு வயது 39. ஊர் சிவகங்கைப் பக்கம். கத்தாரில் 11 வருடமாக ஒரே கம்பெனியில் கம்பி கட்டும் வேலை பார்க்கிறேன். மனைவியும் நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகளும் ஊரில் இருக்கிறார்கள்.

இப்போது இங்கே கோடை. காலை 3 மணிக்கு எழுந்தால்தான் பாத்ரூம் கிடைக்கும். 4 மணிக்கு பஸ், 5 மணிக்கு சைட். பகல் 10 மணியிலிருந்து 3.30 வரை வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். அந்த நேரம் முழுக்க சைட்டிலேயே ஏசி போட்ட கொட்டகையில் படுத்துக் கிடப்போம். அப்புறம் இன்னும் மூன்று மணி நேர வேலை. ரூமில் ஆறு பேர். மெஸ்ஸில் என் முறை என்றால் நான்தான் சமைக்க வேண்டும். எல்லாம் முடித்து வீட்டுக்குக் கூப்பிடும்போது இங்கே 9, ஊரில் 11.30. அந்த நேரத்திலும் ‘சாப்பிட்டீங்களா’ என்று ஒரு வார்த்தை வராது. சிமெண்ட் மூட்டை, மேஸ்திரி கூலி, அவள் தம்பியின் பைக் டியூ, இதுதான் பேச்சு.

அடிப்படைச் சம்பளம் 1,400 ரியால். ஓவர்டைம் நன்றாக வரும் மாதத்தில் 1,900 வரை கிடைக்கும். அதில் 1,500 ஊருக்குப் போய்விடும். மிச்சத்தில்தான் மெஸ் பங்கு, போன் ரீசார்ஜ், சோப்பு எல்லாம். நான் போட்டிருக்கும் செருப்பு இரண்டு வருடப் பழசு. அவள் தம்பி புது பைக்கில் சுற்றுகிறான். சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை.

போன மாதம் ‘இந்த வருசமும் லீவு கிடைக்கல’ என்று சொன்னேன். ‘சரி’ என்றாள். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை காம்பவுண்டுச் சுவர். சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். (உண்மையில் லீவு பாஸாகித்தான் இருந்தது. இரண்டு தடவையும் நானாகத்தான் டிக்கெட் காசைக் கையில் வாங்கிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். கடைசியாகப் போனது நாலு வருடத்துக்கு முன்னால். நான் கட்டிய வீட்டில் எந்த ஸ்விட்ச் எந்த லைட்டுக்கு என்று தெரியாமல் தடவிக்கொண்டு நின்றேன். மகள் வந்து போட்டுக் காட்டினாள். அது கிடக்கட்டும்.)

எங்கள் கம்பெனியிலேயே இருக்கும் பக்கத்து ஊர்ப் பையன் மார்ச்சில் லீவில் போனான். நிடோ, டாங், கோடாலித் தைலம், பிள்ளைக்கு ஸ்கூல் பேக் என்று 6 கிலோ கட்டிக் கொடுத்தேன். அவன் கொண்டுபோக முடிந்ததே 30 கிலோதான். வந்து சேர்ந்ததா என்று நானாகக் கேட்ட பிறகுதான் ‘வந்துச்சு’ என்றாள். என்னை ஏடிஎம் மெஷினாக நினைக்கும் இவர்களை எப்படித் திருத்துவது என்று சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், தோஹா

*

அன்புச் சகோதரருக்கு,

சிமெண்ட், பைக், செருப்பு எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டு ‘அது கிடக்கட்டும்’ என்று முடித்துவிட்டீர்கள். அதை நான் கிடக்க விடப் போவதில்லை.

லீவு இருந்தும் இரண்டு முறை நீங்கள் ஊருக்குப் போகவில்லை. பணத்துக்காக என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் வருட லீவு சம்பளத்தோடு வருவது. ஐந்து வருடம் தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு 4 வாரம் என்பது கத்தார் தொழிலாளர் சட்டம். அதை விட்டுக்கொடுக்கத் தொழிலாளிக்கே உரிமை இல்லை. ஊருக்குப் போனால் உங்களுக்குக் குறைந்திருக்கப் போவது ஓவர்டைமும் அந்த டிக்கெட் காசும்தான். 11 வருடம் தாக்குப்பிடித்தவரை அதுவா தடுத்திருக்கும்?

அந்த ஸ்விட்ச்தான் தடுத்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு செங்கல்லுக்கும் நீங்கள் காசு அனுப்பிக் கட்டிய வீடு. அதில் லைட் போட ஐந்து வயதுப் பிள்ளையின் துணை வேண்டியிருந்தது. இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்ற கேள்வி அன்றைக்கு உங்களுக்கு வந்திருக்கிறது. கேம்ப்பில் உங்கள் கட்டில் எது, உங்கள் மெஸ் முறை எந்த நாள் என்று எல்லாம் தெரியும். ஊரில் ஒன்றும் தெரியாது. அந்தப் பயத்தைச் சொல்ல வாய் வராததால்தான், அவர்கள் என்னைத் தேடவில்லை என்று திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறீர்கள்.

இதில் நான் உங்கள் மனைவி பக்கம்தான் நிற்பேன். வருத்தப்படாதீர்கள். அந்தப் பக்கத்து ஊர்ப் பையன் உங்கள் கம்பெனிதான். மார்ச்சில் அவன் லீவில் வந்து, நீங்கள் கட்டிக் கொடுத்த 6 கிலோவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு லீவு கொடுத்த கம்பெனி, 11 வருட ஆளான உங்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை என்று அவர் எப்படி நம்புவார்? ‘வந்துச்சு’ என்ற ஒரு வார்த்தைக்கும் அந்தச் ‘சரி’க்கும் பின்னால் அதுதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மேலே கேட்டால் இன்னொரு பொய் வரும் என்று தெரிந்தவர் சுவரைப் பற்றித்தான் பேசுவார். சுவர் விஷயத்திலாவது நீங்கள் உண்மை சொல்வீர்கள்.

நீங்கள் கூப்பிடும் நேரத்தையும் யோசியுங்கள். இரவு 11.30. விடியற்காலையில் எழுந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மேஸ்திரியோடு மல்லுக்கட்டி, தூக்கக் கண்ணோடு போனை எடுக்கிறவருக்கு நாளைக்குக் கொடுக்க வேண்டிய கூலிதான் முதலில் வாயில் வரும். மகளோ அதற்கு முன்பே தூங்கியிருப்பாள். உங்கள் பகல் ஓய்வு 10 முதல் 3.30 வரை. நீங்கள் 2 மணிக்குக் கூப்பிட்டால் ஊரில் 4.30, பள்ளி விட்டு வந்திருப்பாள். இந்த நீண்ட ஓய்வு செப்டம்பர் 15 வரைதான். அதற்குப் பிறகு உங்கள் வாராந்திர விடுமுறையான வெள்ளிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் அன்று பள்ளி நாள் என்பதால் அதே 2 மணி சரியாக இருக்கும்.

இந்த முறை லீவு எழுதிக் கொடுங்கள், டிக்கெட்டை டிக்கெட்டாகவே வாங்குங்கள். போய் இறங்கினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்: முதல் வாரம் பெட்டி பிரித்துப் பங்கு வைப்பது, இரண்டாவது வாரம் கோயிலும் கல்யாண வீடும், மூன்றாவது வாரம் கடன் கேட்டு ஆள் வருவது, நாலாவது வாரம் வீட்டில் சண்டை. அந்தச் சண்டை பெரும்பாலும், நீங்கள் இல்லாத காலத்தில் மனைவி ஏற்படுத்திவைத்த ஒழுங்கில் போய்க் கை வைப்பதால் வருவது. அவர் கேஸ் புக் பண்ணுவதும், பள்ளியில் கையெழுத்துப் போடுவதும், பேங்குக்குப் போவதும் உங்களை ஒதுக்குவதற்காக இல்லை. அவர் செய்யாவிட்டால் அந்த வீடு நடந்திருக்காது. அவற்றைப் பிடுங்காதீர்கள். காலையில் மகளைப் பள்ளியில் விடுவது, சாயங்காலம் கூட்டி வருவது, இந்த இரண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் தெரியவில்லை என்றால் மறுபடியும் அவளையே கேளுங்கள். அப்பாவுக்குச் சொல்லித் தருவதில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும் என்பதை அன்றைக்கு உங்கள் கூச்சம் பார்க்க விடவில்லை.

எப்படியும் ஒருநாள் முடித்துக்கொண்டு வரத்தான் வேண்டும். சட்டப்படி வருடத்துக்கு 3 வார அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை. உங்கள் 1,400-க்கு அது வருடத்துக்கு 980 ரியால், 11 வருடத்துக்கு 10,780. அந்தப் பணம் கேட்டால் வந்துவிடும். மகளோடு பழக்கம் அப்படி ஒரே நாளில் கைக்கு வராது, ஒவ்வொரு லீவாகச் சேர வேண்டியது. அதில் இரண்டை ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள்.

ரூம் விஷயம் மட்டும் தனி. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்பது அங்குள்ள விதி. கம்பெனியிடம் கேளுங்கள், அசையாவிட்டால் தொழிலாளர் அமைச்சகம் இருக்கிறது. ஆறு பேர் ரூமின் எரிச்சலை இரவு 11.30-க்கு மனைவியிடம் இறக்காதீர்கள்.

ஊருக்கு வருவதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடுங்கள், போனிலேயே. நாளைக்கு 2 மணிக்குக் கூப்பிட்டு மகளோடு பேசி முடித்ததும், அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் காம்பவுண்டுச் சுவரைப் பற்றிக் கேட்டால் முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு, ‘லீவு கிடைத்தது, நான்தான் வரவில்லை, வரப் பயமாக இருந்தது’ என்று சொல்லுங்கள். அவர் அழலாம், திட்டலாம், பேசாமல் போனை வைத்துவிடவும் செய்யலாம். அப்படி வைத்துவிட்டாலும், மறுநாள் அதே 2 மணிக்குக் கூப்பிடுங்கள்.