எஸ்யூவியில் வழிகாட்டியும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயும்: எதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: கைப்பேசியிலேயே வரைபடம் இருக்கும்போது, எஸ்யூவியில் விருப்பத் தேர்வாக வரும் நேவிகேஷன் வழிகாட்டிக் கருவிக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமா?

பதில்: கைப்பேசியின் வரைபடத்தை வண்டியின் திரையிலேயே காட்டும் ஆப்பிள் கார்பிளே 2014-லும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-லும் வந்துவிட்டபின், நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு அது தேவையில்லை என்றே சொல்வேன். மலைப்பாதைக்கும் காட்டுவழிக்கும் போவதற்காகவே எஸ்யூவி வாங்குபவரின் நிலை வேறு. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத அவ்விடங்களில், வரைபடத்தைத் தன்னுள்ளேயே சேமித்து வைத்திருக்கும் கருவி தடையின்றி வழி சொல்லும். புறப்படும் முன் அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டாலும் ஓரளவு சமாளிக்கலாம்.

கேள்வி: நீண்ட சுரங்கப்பாதைக்குள் கைப்பேசியின் அம்புக்குறி நின்றுவிடுகிறது, நண்பரின் வண்டியில் உள்ள கருவியில் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

பதில்: ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால்தான் நம் இருப்பிடத்தைச் சரியாகக் கணிக்க முடியும், பாறையையும் கான்கிரீட்டையும் ஊடுருவும் வலிமை அந்த மெல்லிய சமிக்ஞைக்கு இல்லை. வண்டியிலேயே பொருத்தப்பட்ட நல்ல வழிகாட்டியோ, சக்கரங்கள் எத்தனை முறை சுழன்றன என்பதையும், வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று கைரோஸ்கோப் சொல்வதையும் சேர்த்துக் கணக்கிட்டு, வெளிச்சத்துக்கு வரும்வரை தானே வழியைத் தொடர்கிறது. கூடுதல் பணத்துக்கு உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பிற்பாடு கடையில் மாட்டும் திரைகள் பலவற்றுக்குச் சக்கரத்தின் இந்தத் தகவல் கிடைப்பதில்லை, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இணைய இணைப்புள்ள கருவி வண்டியின் ஆயுள் முழுவதும் உழைக்குமா?

பதில்: உறுதி சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2022-இல் 3ஜி சேவைகள் நிறுத்தப்பட்டபோது, பழைய மோடம் கொண்ட பல வண்டிகள் இணைய வசதிகளை இழந்தன. வரைபடப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு இலவசம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைப்பேசியைக் கையில் எடுக்காமல் புளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்கு இரைச்சலும் எதிரொலியுமாகக் கேட்கிறதாம்.

பதில்: எஸ்யூவியின் உட்புறம் பெரியது, அகலமான டயர்களின் ஓசையும் அதில் சேரும். மைக் பெரும்பாலும் ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்கும். ஏசி காற்று அதன்மேல் நேராகப் படாமல் திருப்பிவிட்டு, விசிறியின் வேகத்தையும் ஒலிபெருக்கியின் அளவையும் குறைத்துப் பாருங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

கேள்வி: ஹேண்ட்ஸ்ஃப்ரீ இருந்தால் ஓட்டிக்கொண்டே பேசுவதில் ஆபத்து இல்லைதானே?

பதில்: இருக்கிறது. கை ஸ்டீயரிங்கில் இருந்தாலும் மனம் பேச்சில் இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். இரண்டு நொடி கவனம் பிசகினால் 44 மீட்டரைப் பாராமலே கடந்திருப்போம். கனமான வண்டி மோதினால் நடந்து செல்பவருக்கு நேரும் கேட்டை எண்ணிப் பார்த்து, "பிறகு அழைக்கிறேன்" என்பதோடு முடித்துக்கொள்ளுமாறு மன்றாடிக் கேட்கிறேன். சேருமிடத்தையும் வண்டி கிளம்பும் முன்பே பதிந்துவிடுங்கள்.

கேள்வி: வண்டியை விற்கப் போகிறேன். கருவியில் ஏதேனும் செய்ய வேண்டுமா?

பதில்: உங்கள் தொடர்பு எண்களும் வீட்டு முகவரியும் அதில் பதிந்திருக்கும். அமைப்புகளுக்குள் சென்று தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிட்டு, உங்கள் கைப்பேசியிலும் அந்த வண்டியின் இணைப்பை நீக்கிவிடுங்கள்.