மகன் நடுக்கடலில் இருக்கும்போது போன் வராவிட்டால்?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. தாய்லாந்தின் ஃபூக்கெட்டில் வேலை. அவன் முதலாளியின் 40 அடி பாய்மரப் படகை பிப்ரவரியில் கொச்சிக்கு ஓட்டி வருகிறார்களாம். மூன்று பேரில் இவனும் ஒருவன். ‘விமானத்தில் வாடா’ என்றால் கேட்க மாட்டேன் என்கிறான். ராத்திரியில் படகை எங்கே நிறுத்துவார்கள்? என்ன சாப்பிடுவான்? பேசுவதற்கு சாட்டிலைட் போன் வாங்கித் தரலாமா?
- ஒரு தாய், திருமங்கலம்

பதில்: அன்புள்ள அம்மா, ராத்திரியில் எங்கேயும் நிறுத்த மாட்டார்கள். நடுக்கடலின் ஆழத்துக்கு நங்கூரம் எட்டாது. இலங்கையின் தென்முனையான தேவேந்திர முனையைச் சுற்றிக் கொச்சி வர சுமார் 1,400 கடல் மைல். நாளைக்கு 120 மைல் ஓடினாலும் 12 நாள் ஆகும். பிப்ரவரி நல்ல பருவம்தான். வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளும், புயலும் அபூர்வம்.

மூன்று பேர் என்றால் பெரும்பாலும் 3 மணி நேரம் காவல், 6 மணி நேரம் ஓய்வு என்று முறை வைத்துக்கொள்வார்கள். சுக்கானை ஆட்டோ பைலட் பார்த்துக்கொள்ளும். காவலில் இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நாலாபக்கமும் பார்க்க வேண்டும். தொடுவானத்தில் புள்ளியாகத் தெரிகிற சரக்குக் கப்பல் இருபது நிமிடத்தில் பக்கத்தில் வந்துவிடும். தேவேந்திர முனைக்குத் தெற்கே கப்பல்கள் வரிசையாகப் போகும். அங்கே யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது. அதைத் தாண்டி மன்னார் வளைகுடா வாயிலைக் கடக்கும்போது காற்று திடீரென்று பலமாகும். குமரிமுனை தாண்டும் வரை படகு நன்றாகவே ஆட்டும்.

எனக்கு உண்மையில் பயம் ஒன்றே ஒன்றில்தான். இரவுக் காவலில் தனியாக மேலே இருப்பவர் தவறி விழுந்தால், கீழே தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. படகு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் கேபினை விட்டு வெளியே கால் வைக்கும் முன்பே உடம்பில் கட்டிய பாதுகாப்புப் பட்டையின் கயிற்றைப் படகில் மாட்டிவிட வேண்டும். சிறுநீர் கழிக்கப் போனாலும் அப்படித்தான். இதை மட்டும் அவனிடம் சத்தியமே வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு நீங்கள் நிறையச் செய்யலாம். அடுப்பு படகோடு ஆடாமல் தொங்கும்படி இருக்கும், ஆனாலும் திறந்த பாத்திரம் வைத்தால் கொதிக்கிறது மேலே கொட்டும். குக்கர்தான் பத்திரம். சாதம், பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாம் அதிலேயே ஆகிவிடும். பயணத்துக்கு முன் ஊருக்கு வந்து போனால், மதுரை கீழமாசி வீதியில் நல்ல சுக்கு, பருப்புப் பொடிக்குச் சாமான் வாங்கி அரைத்துக் கொடுத்தனுப்புங்கள். புளிக்காய்ச்சலும் உப்பு நார்த்தங்காயும் போதும், கடலில் நாக்கு செத்துப்போனவனுக்கு அமிர்தம். முதல் இரண்டு மூன்று நாள் வாந்தி வரலாம். மாத்திரையை டாக்டரிடம் கேட்டுப் புறப்படும் முன்பே போட வேண்டும், வந்தபிறகு போட்டால் வயிற்றில் தங்காது. குடிதண்ணீர் அளவுதான், குளியல் உப்புத்தண்ணீரில், கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர்.

சாட்டிலைட் போன் வாங்கித் தராதீர்கள். துராயா, இரிடியம் போன்களைத் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். கொச்சியில் இறங்கும்போதே வழக்காகும். கரை மறைந்த சில மணி நேரத்தில் செல்போன் சிக்னலும் போய்விடும். அந்த மௌனத்துக்கு இப்போதே தயாராகுங்கள். படகின் பெயர், ரேடியோவில் அதை அடையாளம் காட்டும் 9 இலக்க எம்எம்எஸ்ஐ எண், புறப்படும் தேதி, கரையில் தகவல் வைத்திருப்பவரின் நம்பர் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். மூழ்கினால் தானே செயற்கைக்கோளுக்கு அபாயக் குறி அனுப்பும் ஈபிர்ப் கருவி பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். எத்தனை நாள் தாமதமானால் தேடச் சொல்ல வேண்டும் என்பதைக் கேப்டனே சொல்லட்டும். அந்த நாள் தாண்டினால் கடலோரக் காவல் படைக்கு 1554-ல் கூப்பிடுங்கள். அதற்கு முன் போன் வராதது ஆபத்துக்கு அறிகுறி இல்லை.

புதுச்சேரி ரூபாவும் கோழிக்கோட்டு தில்னாவும், இருவரும் கடற்படை அதிகாரிகள், ‘தாரிணி’ என்ற 56 அடி பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, இரண்டே பேராக உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். முறையாகச் செய்தால் முடிகிற காரியம்தான் இது.

கொச்சியில் சுங்கம், குடியேற்றச் சோதனை முடியாமல் கரை இறங்க விட மாட்டார்கள். அழைத்துவரப் போவதாக இருந்தால் தேதி குறித்து டிக்கெட் போடாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் ஓரிரு நாள் அவனுக்குத் தரையே ஆடுவதுபோல் இருக்கும், நேரங்கெட்ட நேரத்தில் முழிப்பும் வரும். தூங்கவிடுங்கள். அது சரியாகும் வரை பைக் சாவி உங்களிடமே இருக்கட்டும்.