பரீட்சைப் பயம்: வாசகர் கேள்விகளும் உளவளத்துணையாளரின் பதில்களும்

கேள்வி: உயிரியல் பிரிவில் உயர்தரம் படிக்கிறேன். வீட்டில் சரளமாக எழுதும் விடைகள், தவணைப் பரீட்சையில் வினாத்தாளைக் கண்டதும் மறந்துவிடுகின்றன. என் நினைவாற்றலில் குறையா?
– மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: நினைவாற்றலில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. மண்டபத்தை விட்டு வெளியே வந்த சிறிது நேரத்தில் அதே விடைகள் உங்கள் நினைவுக்கு வந்திருந்தால், படித்தது எதுவும் அழியவில்லை என்று பொருள். ஒரு வினாவைச் செய்யும்போது அதற்குத் தேவையானவற்றைத் தற்காலிகமாகத் தாங்கி வைத்திருக்கும் நினைவில் இடம் மிகக் குறைவு; 'இது வராவிட்டால் என்ன செய்வேன்' என்ற கவலை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால், விடையைத் தேடும் வேலை தடைப்படுகிறது.

வீட்டில் இருக்கும் அந்தச் சரளத்தையும் சற்றுச் சோதித்துப் பாருங்கள். குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றும். வாசிப்பதோடு நிறுத்தாமல் நினைவிலிருந்து எடுத்து எழுதியவர்களே ஒரு வாரத்தின் பின் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதை ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் காட்டினார்கள். ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது கொப்பியை மூடிவிட்டு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, கடந்தகால வினாத்தாள் ஒன்றை, 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள் என்ற அதே கணக்கில், இடையில் எழும்பாமல் செய்து முடியுங்கள். இதில் அறிவும் வளரும். அதைவிட முக்கியமாக, கடிகாரத்தின் முன் இருப்பது உடலுக்குப் பழகிப்போகும். பயந்து ஒதுங்க ஒதுங்கப் பயம் வளருமே தவிரக் குறையாது.

மண்டபத்தில், இரண்டாம் பகுதிக்குத் தரப்படும் 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வினாவைத் தேடி, அதிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். மனம் வெறுமையானால் பேனையைக் கீழே வைத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளெடுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளிவிடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்புத் தணியும்.

கேள்வி: தரம் 5இல் படிக்கும் என் மகளுக்கு ஒவ்வொரு மாதிரிப் பரீட்சை நாளிலும் காலையில் வயிற்றுவலி. நடிக்கிறாளா?
– தாய், கல்முனை

பதில்: இல்லை, வலி உண்மையானது. முதலில் வைத்தியரிடம் காட்டி நோய் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். அதன்பின், வீட்டில் புள்ளிக் கதை எத்தனை தடவை நடக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் பிள்ளையின் வயிற்றில் வலிப்பது பெரியவர்களின் கவலைதான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை, பிரபல பாடசாலைகளில் சேர்வதற்கும், வசதி குறைந்த பிள்ளைகளுக்கான உதவிப் பணத்துக்கும் உரியது. வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளையும் தரம் 6இல் படிப்பைத் தொடரும் என்பதை அவளுக்கு ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு, பின்னேர வகுப்புகளில் ஒன்றைக் குறைத்து, விளையாட விடுங்கள்.

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதுவது இது மூன்றாம் தடவை. தவறினால் எல்லாம் முடிந்துவிடும் என்ற எண்ணம் இரவில் தூங்க விடுவதில்லை.
– மாணவர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளே கணக்கில் எடுக்கப்படும் என்பதால் உங்கள் அச்சத்தை வீண் என்று தள்ள மாட்டேன். ஆனால் 'எல்லாம்' என்பது தவறு. தாழங்குடா தேசிய கல்வியியற் கல்லூரி, அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவற்றுக்கு என்ன தகைமை வேண்டும் என்பதை இப்போதே விசாரித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டாவது வழி கண்முன் இருந்தால் முயற்சி தளரும் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள்; நான் அதை ஏற்பதில்லை. தூங்காமல் படிப்பதையும் கைவிடுங்கள், ஏனெனில் பகலில் கற்றது நினைவில் உறுதிப்படுவது தூக்கத்தில்தான். உயிர்வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.

கேள்வி: நடுக்கத்தை நிறுத்தும் மாத்திரை ஒன்றை நண்பன் பரீட்சையன்று போடச் சொல்கிறான்.
– மாணவர், காத்தான்குடி

பதில்: அவர் சொல்வது புரொப்பிரனொலோலாக இருக்கலாம். அது படபடப்பையும் கைநடுக்கத்தையும் குறைக்கும். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. வைத்தியர் எழுதித் தராமல் போடாதீர்கள்.

கேள்வி: பரீட்சை மாரிக்குள் வந்தால், வெள்ளத்தில் போக முடியாதோ என்ற பயமே படிப்பைக் கெடுக்கிறது.
– மாணவி, வாழைச்சேனை

பதில்: நியாயமான பயம். 2024 நவம்பர் 25இல் தொடங்கிய உயர்தரப் பரீட்சை வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டு டிசம்பர் 4இல்தான் தொடர்ந்தது. இதற்கு மருந்து ஏற்பாடுதான்: அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் நீர் புகாத உறையில் வையுங்கள், பரீட்சை நிலையத்துக்கு அருகே தங்கக்கூடிய உறவினர் வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள், ஒத்திவைப்புச் செய்தி வந்தால் பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலை மட்டும் நம்புங்கள்.