எல்லாரும் சமம்னா எனக்கு ஏன் வீடு தர மாட்டேங்கிறாங்க? 8வது பிரிவு கேள்வி பதில்

இன்றைக்கு மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 8வது பிரிவு, அதாவது சமத்துவப் பிரிவு மட்டும்தான். கேட்டவர்களை ஊர்ப் பேரால் குறித்திருக்கிறேன். விவாகரத்து, போலீஸ் சம்மன், பிடிபிடிஎன் கல்விக் கடன் எல்லாம் வேறொரு நாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மலாய்க்காரர்கள், சபா, சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலை பற்றிய 153வது பிரிவு எப்படி அமல்படுத்தப்படுகிறது என்று பேசலாம், அது இருக்கலாமா கூடாதா என்று ஆரம்பித்தால் 1948 தேச நிந்தனைச் சட்டம் குறுக்கே வரும். அப்படிப்பட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், நீங்களும் எழுதாதீர்கள்.

செந்தூல் தம்பி: அக்கா, வாடகைக்கு வீடு பார்க்கிறேன். வாட்சாப்பில் பேரைச் சொன்னதும் ஏஜென்ட் "சாரி, ஓனர் இந்தியன் வேண்டாம்னு சொல்றார்" என்று முடித்துவிடுகிறார். 8வது பிரிவை வைத்துக் கேஸ் போடலாமா?

முடியாது தம்பி. கோபம் நியாயம்தான், ஆனால் அந்தப் பிரிவு யாரைக் கட்டிப்போடுகிறது என்று பாருங்கள். 8(1): சட்டத்தின் முன் எல்லா நபர்களும் சமம், சட்டத்தின் பாதுகாப்பும் எல்லாருக்கும் சமம். 8(2): சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் என்பதை மட்டும் காரணமாக வைத்துக் குடிமக்களிடம் பாகுபாடு கூடாது. எங்கே கூடாது? சட்டங்களில், அரசாங்க வேலை நியமனத்தில், சொத்து, வியாபாரம், தொழில் பற்றிய சட்டங்களை அமல்படுத்துவதில். எல்லாமே அரசாங்கம் செய்கிற காரியம். காண்டோ (அடுக்குமாடி வீடு) வைத்திருக்கும் ஆள் இதில் எங்கேயும் வரவில்லை. கர்ப்பமானதால் வேலை போன விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: அரசியலமைப்பு உரிமை என்பது உங்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் உள்ளது, இரண்டு தனியார் தரப்புக்கு நடுவில் அல்ல. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு கிடையாது, ஆனாலும் இன்றைக்கு நீதிமன்றத்தில் நிற்பது அதுதான். வீட்டு வாடகையில் பாகுபாட்டைத் தடுக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டால்தான் உண்டு. உங்கள் எம்பியிடம் கேளுங்கள்.

பிறை: தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. இனம் பார்த்துத்தான் பதவி உயர்வு. இதற்கும் வழியில்லையா?

இதற்கு ஒரு வழி இருக்கிறது, அரசியலமைப்பில் அல்ல, வேலைச் சட்டத்தில். 2023 ஜனவரி 1 முதல் 69எஃப் என்ற பிரிவு அமலில் இருக்கிறது. முதலாளி பாகுபாடு காட்டினால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம், தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம், மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை, அதனால் எழுத்தில் உள்ளதைச் சேர்த்து வையுங்கள். மேனேஜர் வாயால் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

பட்டர்வொர்த்: பெண்களுக்கு இந்தப் பிரிவால் ஏதாவது நன்மை நடந்திருக்கிறதா, அல்லது வெறும் காகிதமா?

நல்ல கேள்வி, உட்காருங்கள். 1957இல் எழுதியபோது 8(2)இல் பாலினம் என்ற வார்த்தையே கிடையாது. 2001இல்தான் சேர்த்தார்கள், அதாவது 44 வருஷம் கழித்து. அது காகிதமாக இருந்துவிடாமல் காப்பாற்றியவர் நூர்ஃபாடில்லா என்ற தற்காலிக ஆசிரியை. 2009இல் உலு லங்காட்டில் நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கியாயிற்று. விளக்கக் கூட்டத்தில் அதிகாரி, இங்கே யாராவது கர்ப்பமா என்று கேட்கிறார். இவரும் இன்னும் இரண்டு பேரும் ஆமாம் என்கிறார்கள். கடிதத்தைத் திருப்பிக் கொடு என்று வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான், வேலை போயிற்று. பொய் சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பியிருப்பார். ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் 2011இல், கர்ப்பத்தைக் காரணம் காட்டி மறுப்பது பாலினப் பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. பியாட்ரிஸுக்குக் கிடைக்காதது இவருக்கு ஏன் கிடைத்தது? எதிரே நின்றது அரசாங்கம். செந்தூல் தம்பிக்குச் சொன்ன அதே கோடுதான்.

இன்னொன்று, 2001இல் 8(2)ஐத் திருத்தியவர்கள் கல்வி பற்றிய 12வது பிரிவைத் தொடவில்லை. அங்கே இன்றும் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் என்ற நான்குதான், பாலினம் இல்லை. யாரும் இதைப் பேசுவதில்லை.

கெப்போங்: வாடகை ஏஜென்ட் இனம் கேட்கிறார்...

செந்தூலுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜார்ஜ் டவுன்: அமெரிக்காவில் 1776லேயே எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று பிரகடனத்தில் எழுதிவிட்டார்கள். நம்முடையதில் சமம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே, அரசியலமைப்பு வெளிப்படையாக அனுமதித்தால் தவிர என்று விதிவிலக்கு. அதனால் நம்முடையது இரண்டாம் தரம் என்பது என் கருத்து.

ஆயர் ஈத்தாம்: விதிவிலக்கை எழுதியாவது வைத்தார்களே! அடிமைகளை வைத்துக்கொண்டு சமம் என்று எழுதியவர்கள் உசத்தியா?

ஜார்ஜ் டவுன்: வார்த்தை பெரிதாக இருந்ததால்தானே பின்னால் வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கேட்க முடிந்தது?

இரண்டு பேரும் பாதி பாதி சரி. அடிமையாக இருந்து தப்பிய பிரடெரிக் டக்ளஸ் 1852இல் அந்தப் பிரகடனத்தையே எடுத்து அவர்கள் முகத்துக்கு நேராகக் காட்டினார், அதிபர் லிங்கன் 1863இல் அதைத் தொட்டுத்தான் பேசினார். ஆனால் பிரகடனம் சட்டம் இல்லை. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பில் சமப் பாதுகாப்பு கிடையாது, உள்நாட்டுப் போர் முடிந்து 1868இல் 14வது திருத்தத்தில்தான் வந்தது. நம் கதை தலைகீழ். 1957 ஆகஸ்டு 31இல் மெர்டேக்கா (சுதந்திர) ஸ்டேடியத்தில் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வாசித்த பிரகடனத்தைத் தேடிப் படியுங்கள். சுதந்திரம், நீதி, மக்கள் நலன், மகிழ்ச்சி எல்லாம் இருக்கும், சமத்துவம் இருக்காது. ஆனால் அதே நாளில் அமலுக்கு வந்த சட்டத்தில் 8வது பிரிவு இருந்தது. மேடையில் சொல்லாததைச் சட்டத்தில் எழுதினார்கள். எனக்கு இரண்டாவதுதான் வசதி, பிரகடனத்தை வைத்து நான் ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் வாதாட முடியாது.

ஆயர் ஈத்தாம்: அப்படியே 153 வெறும் 15 வருஷத்துக்குத்தான் என்பதையும் சொல்லுங்க அக்கா.

ஐயோ, அந்த வாட்சாப் செய்தி இங்கேயும் வந்துவிட்டதா. ஒவ்வொரு மெர்டேக்காவுக்கும் வருகிறது. அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம் 1957 அறிக்கையில் 15 வருஷம் கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்று பரிந்துரைத்தது உண்மை. காலாவதி என்று அவர்களே சொல்லவில்லை. அந்தப் பரிந்துரையும் இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை, ஆணையத்துக்குள்ளேயே அதன் உறுப்பினர் அப்துல் ஹமீது எதிர்ப்புக் குறிப்பு எழுதியிருந்தார். வரலாறு அவ்வளவுதான். அந்தச் செய்தியை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.

கிள்ளான்: அரசாங்க ஊழியர் நான். பதவி உயர்விலும் 153ஐக் காட்டலாமா?

136வது பிரிவைப் படியுங்கள். ஒரே கிரேடில் உள்ள எல்லா இனத்தவரையும் பாரபட்சமில்லாமல் நடத்த வேண்டும். 153(5), தான் 136ஐக் குறைக்காது என்று தானே சொல்கிறது. 153(1)இல் மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களும் மாமன்னரின் பொறுப்பு என்று இருக்கிறது. 153ஐப் பற்றிச் சண்டை போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை முழுதாகப் படித்ததில்லை, இரண்டு பக்கத்திலும்தான் சொல்கிறேன்.

பூச்சோங்: அக்கா, காண்டோ வாடகை, ஓனர் இந்தியன் வேண்டாம்...

மேலே. மேலே. மேலே.

மஸ்ஜிட் இந்தியா: எங்கள் சாப்பாட்டுக் கடையில் தமிழ்நாட்டுத் தம்பிகள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் 8வது பிரிவு உண்டா?

8(1) உண்டு, அங்கே நபர்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. 8(2) குடிமக்களுக்கு மட்டும். பாஸ்போர்ட்டை நீங்கள் வாங்கி வைத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது வேறு சட்டம், 1966 பாஸ்போர்ட் சட்டம்.

புக்கிட் மெர்தாஜாம்: என் பெண்ணுக்குச் சிங்கப்பூரில் பிரசவம். மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரர். குழந்தைக்கு நம் குடியுரிமை?

குடியுரிமை விதியில் அப்பா என்று இருந்த இடத்தில் அம்மாவையும் சேர்க்கும் திருத்தத்தை 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றியது. முன்தேதியிட்டுப் பொருந்தாது, அதனால் குழந்தை பிறந்த தேதிதான் முக்கியம். தேசியப் பதிவிலாகாவில் கேளுங்கள், இந்தத் திரியில் வேண்டாம்.

ராவாங்: எங்கள் கோயில் சங்கத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. 8வது பிரிவில் போடலாமா?

சங்கம் அரசாங்கம் இல்லை. சங்க விதிகளை எடுத்து, உறுப்பினர் யார், ஓட்டு யாருக்கு என்று பாருங்கள். விதியில் தடை இல்லாமல் வழக்கமாக மட்டும் இருந்தால் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பத்துப் பெண்கள் சந்தா ரசீதோடு முன் வரிசையில் உட்காருங்கள், தலைவர் என்ன சொல்கிறார் என்று எழுதி வைத்துச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்புங்கள். விதியிலேயே தடை இருந்தால் எனக்குத் தனியாக நகல் அனுப்புங்க, பார்க்கிறேன்.